பூஜ்யம் வாங்க வந்தவர்

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஆகாசத்துக்குப் பூஜ்யம் வாங்குவது பெரிய காரியமாக இருந்ததில்லை. கணக்கு வாத்தியார் கேட்காமலேயே போட்டுக் கொடுத்துவிடுவார். இப்போது தலை பாதி நரைத்த பிறகு, அதே பூஜ்யத்துக்காக இஸ்திரி போட்ட சட்டையும் மழித்த முகமுமாக ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டியது.

ஆகாசம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தரையிலிருந்து நெடுந்தூரம் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கப்பலில் இருக்கிற பாரத்தைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். எப்போதும் மேலேயே இருக்கிற மனிதருக்குக் கீழே இருக்கிறவர்கள் வைத்த பெயர்தான் ஆகாசம். அந்த ஆகாசம் தரைக்கு வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு நாள் மரக்கட்டு ஒன்றைத் தூக்கியவர் அதை இறக்கவில்லை. பாதி வழியில் அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். கீழே லாரிகள் வரிசை கட்டின. சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் முதலில் மரியாதையோடும் பிறகு மரியாதையில்லாமலும் பேசிப் பார்த்தார். மேலேயிருந்து மூச்சில்லை. வெகுநேரம் கழித்துக் கட்டு இறங்கியது, அதன் பின்னால் ஆளும் இறங்கினார். மனச்சோர்வு நோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இந்த நோய் வந்தால் சின்ன விஷயத்தில்கூட முடிவெடுக்க முடியாது, அதனால்தான் கட்டை இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கம் வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று டாக்டர் விளக்கினார். ஆகாசமும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தார்.

மாத்திரை, பேச்சு, ஓய்வு எல்லாம் ஆகி, இப்போது தேறிவிட்டார். ஆனால் நிர்வாகம் அவரை ஸ்டோரில் உட்காரவைத்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. காகத்தைப் பிடித்துக் கோழிக்கூட்டில் அடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கூண்டுக்குத் திரும்ப வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் நோயின் அளவை எண் போட்டுச் சொல்ல வேண்டும். எண் கூடினால் நட்டும் போல்ட்டும்தான் ஆயுசு பூராவும். அதனால் பூஜ்யமே வாங்கிவிடுவது என்று கிளம்பி வந்திருந்தார்.

யோசனை அவருடையது இல்லை, கொக்கியுடையது. கொக்கி என்பவன் கீழே நின்று பாரத்துக்குக் கொக்கி மாட்டி, மேலே இருக்கிற ஆகாசத்துக்குச் சைகை காட்டுகிறவன். கைக்குப் பேசத் தெரியும் என்பதற்காக வாய்க்கு ஓய்வு கொடுக்கிற ஆள் இல்லை. லாரிப் பிரிவில் யாரோ இதே மதிப்பீட்டுக்குப் போய் ஜெயித்து வந்ததாகச் சொல்லி, முந்தின நாள் ஆகாசத்தின் வீட்டு ஹாலில் வைத்து வகுப்பே எடுத்துவிட்டான்.

"எது கேட்டாலும் 'இல்லவே இல்லை'தான் அண்ணே. மனசு கனமா இருக்கா? இல்லவே இல்லை. தூக்கம் கெடுதா? இல்லவே இல்லை. யோசிக்கவே கூடாது. யோசிச்சா மாட்டிக்குவோம்."

சமையலறையிலிருந்து ஆகாசத்தின் மனைவி எட்டிப் பார்த்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால்கூட அதையேதான் சொல்ல வேண்டுமா என்று விசாரித்தாள். கொக்கி அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தான்.

இன்றைக்கும் மூவருமாகத்தான் வந்திருந்தார்கள். நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தை மனதில் வைத்து நிதானமாகப் படித்து 'டிக்' போடச் சொன்னாள். ஆகாசம் நிதானத்தையும் படிப்பையும் ஒதுக்கிவைத்துவிட்டு, 'இல்லவே இல்லை' என்ற வரிசையில் மேலிருந்து கீழே மளமளவென்று 'டிக்' போட்டுக்கொண்டே வந்தார். நர்ஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் தாள் முடிந்துவிட்டது. கொக்கி பெருமையோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

உள்ளே அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் மனநல மதிப்பீடு செய்கிற பெண் இருந்தாள். ஆகாசம் மனதுக்குள் அவளுக்குக் கேள்வி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். மூலையில் ஒரு மனிதர் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவரும் எண் போடுகிறவர்தான், ஆனால் வாயைத் திறக்க மாட்டார், ஒருவர் கண்ணில் தப்பினது இன்னொருவர் கண்ணில் படும் என்பதற்காக இரண்டு பேர் என்று மேடம் சொன்னாள். தப்பினது என்ற சொல்லே ஆகாசத்துக்குப் பிடிக்கவில்லை.

மேடம் தாளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு கீழிருந்து மேலே பார்த்தாள்.

"சார், உங்களுக்கு வருத்தம் இல்ல, அழுகை இல்ல, பயம் இல்ல, தூக்கத்துல குறை இல்ல."

"இல்லவே இல்லை மேடம்."

"அதே மாதிரி, இந்த ஒரு வாரத்துல ஒரு தடவைகூட சந்தோஷமா இருந்ததில்ல. எதிர்காலத்து மேல நம்பிக்கை இல்லவே இல்ல. மத்தவங்க அளவுக்கு நானும் நல்ல மனுஷன்தான்னு நெனைச்சதே இல்ல. இப்படித்தான் போட்டிருக்கீங்க."

ஆகாசம் தாளை வாங்கிப் பார்த்தார். பாவிகள், துக்கக் கேள்விகளுக்கு நடுவே சந்தோஷக் கேள்விகளையும் கலந்து வைத்திருந்தார்கள். படிக்காமல் கோடு இழுக்கிறவனைப் பிடிப்பதற்கென்றே அப்படிக் கலப்பார்களாம். துக்கமும் இல்லாத சந்தோஷமும் இல்லாத ஒரு மனிதராக, அதாவது கிட்டத்தட்ட ஸ்டோரில் இருக்கிற ஒரு போல்ட்டாக, தன் கையாலேயே தன்னை எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளியே உட்கார்ந்திருக்கிற கொக்கியை மனதார நான்கு வார்த்தை திட்டிவிட்டு, கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து தெரியவில்லை என்றார். கண்ணாடி அவர் நெற்றிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மேடம் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். தாள் வெறும் வாசப்படிதான், பேசினால்தான் வீட்டுக்குள் வந்த மாதிரி என்று சொல்லி, தாளை ஓரமாக வைத்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அங்கேதான் ஆகாசத்துக்குக் காலடி மண் நழுவியது. கொக்கி சொல்லிக் கொடுத்த மாதிரி 'உங்களுக்குத் தூக்கம் வருகிறதா' என்று அவள் கேட்கவில்லை. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது கண் விழித்தீர்கள், விழித்ததும் முதலில் என்ன தோன்றியது என்று கேட்டாள். 'இல்லவே இல்லை மணிக்குப் படுத்தேன்' என்று எப்படிச் சொல்வது?

எனவே அவர் தன் சரக்கை அவிழ்த்தார். படுத்தால் கட்டை, எழுந்தால் குதிரை என்றார். பசி என்றால் அப்படி ஒரு பசி என்றார். காலையில் சந்தோஷம் தாங்காமல் பாட்டுப் பாடிக்கொண்டேதான் பல் தேய்ப்பதாகச் சொன்னார். என்ன பாட்டு என்று அவள் ஆவலோடு கேட்டாள். உலகத்தில் இத்தனை பாட்டு இருந்தும் ஒன்றுகூட அந்த நேரத்தில் அவர் உதவிக்கு வரவில்லை. புது பிரஷ் என்பதால் இந்த வாரம் பாடவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். மூலையிலிருந்து பேனா கீறுகிற சத்தம் கேட்டது. தான் புளுகுகிறபோது மட்டும் அந்தப் பேனா ஓடுவதாக அவருக்கு ஒரு சந்தேகம்.

மேடம் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள் என்பது அவள் உதட்டில் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், எனக்கு நேத்து ராத்திரி சரியாத் தூக்கம் இல்ல. காலையில வீட்டுல ஒரு சண்டை. இந்தக் கேள்வியெல்லாம் என்னைக் கேட்டா எனக்கே மூணு வரும். நீங்க பூஜ்யத்தோட வந்தா, நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தமில்ல. எங்கிட்ட பேசலன்னு அர்த்தம். பேசாத ஆளை நான் எப்படி அவ்வளவு உசரத்துக்குத் தனியா அனுப்புவேன்?"

பூஜ்யம் வாங்கினாலும் தோல்வி என்பது எந்த ஊர் நியாயம் என்று ஆகாசத்துக்குக் கோபமாகக்கூட வந்தது. அதற்குள் மேடம், வீட்டில் இருக்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம் என்று சொல்லி, அவர் சம்மதம் கேட்டு, அவர் மனைவியை உள்ளே அழைத்தாள்.

மனைவிக்கும் கொக்கி பாடம் எடுத்திருந்தான். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது. வாய் பொய் சொன்னால் கை முந்தானையைத் திருகி உண்மையைச் சொல்லிவிடும். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மகளோடு சண்டை போடுகிறார் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. அழுதாரா என்று கேட்டதும் அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சீலிங்கைப் பார்த்தார்.

"குழாய்க்காக மட்டும்தான் அழுதாரு," என்றாள் அவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால், பரிமாறுகிறவளே கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. மேடம் மிச்சத்தையும் கேட்டாள்.

ஆகாசத்துக்கு ஓர் அண்ணன் இருந்தார். தொழில் எலக்ட்ரீஷியன், ஆனால் உலகத்தில் தனக்குத் தெரியாத வேலை கிடையாது என்கிற கட்சி. தம்பி வீட்டுச் சமையலறைக் குழாயை, ஆள் கூப்பிடாதே, நான் இருக்கிறேன் என்று சொல்லித் தானே மாட்டினார். சிவப்புப் பக்கம் திருப்பினால் பச்சைத் தண்ணீர் வந்தது, நீலப் பக்கம் திருப்பினால் கொதிக்கக் கொதிக்க வந்தது. கை பழகினால் சரியாகிவிடும் என்பது அண்ணனின் தீர்ப்பு. வருகிற விருந்தாளி எல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு அவரைத் திட்டாத நாளில்லை. போன வருஷம் அந்த அண்ணன் படுத்த படுக்கையில் போய்விட்டார். ஆகாசம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள்.

போன வாரம் குழாய் ஒழுகியது. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர், ஒழுகலை நிறுத்தியதோடு, இந்த இரண்டையும் எந்த மடையன் மாற்றி மாட்டினான் என்று கேட்டுக்கொண்டே சரியாகவும் மாட்டிவிட்டார். சிவப்பில் வெந்நீர் வந்தது. ஆகாசம் அதைத் திருப்பிப் பார்த்தார், நீலத்தையும் திருப்பிப் பார்த்தார், பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். ரிப்பேர்காரர் ஸ்பானரும் கையுமாக, தான் எதை உடைத்தோம் என்று தெரியாமல் நின்றார். மறுபடியும் தப்பாகவே மாட்டித் தரச் சொல்லி அவரோடு சண்டையும் போட்டார் ஆகாசம். அவரும் பயந்துபோய் மாட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்.

மேடம் நன்றி சொல்லி மனைவியை வெளியே உட்காரச் சொன்னாள். கதவு சாத்தியதும் ஆகாசம் தலையைத் தொங்கப்போட்டார். இதற்கு எத்தனை போடுவீர்கள் என்று குற்றவாளி மாதிரி கேட்டார்.

"உங்க அண்ணன் போனப்போ அழுகை வரலன்னாங்க. அழணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். இங்க வரைக்கும் வந்துச்சு." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அதுக்கு மேல வரல. எல்லாரும் அழறாங்க, நான் மரம் மாதிரி நிக்கிறேன். என்ன ஜென்மம்டா நானுன்னு எனக்கே வெறுத்துப்போச்சு."

"எங்க அளவுகோல்ல அழறவருக்கு ரொம்பப் போட மாட்டோம் சார். அழணும்னு இருந்தும் அழ முடியாதவருக்குத்தான் ஜாஸ்தி. போன வருஷம் நீங்க வாங்கியிருக்க வேண்டியது அது. போன வாரம் உங்களுக்கு நடந்தது, நல்லா ஆகிட்டு வர்றவங்களுக்கு நடக்குறது."

ஆகாசம் நிமிர்ந்தார். ஒரு வாரமாக யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவர் குற்றப்பத்திரிகை இல்லையாம், சிபாரிசுக் கடிதமாம். அவருக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. மூலைக்காரர்கூட அட்டைமேல் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான், இத்தனை நாள் டாக்டரிடமும் பெண்டாட்டியிடமும் சொல்லாததை அவர் சொல்ல ஆரம்பித்தார். மேடம் கேட்டது ஒரே கேள்வி, அன்றைக்கு மேலே என்ன நடந்தது என்று.

"முடிவு பண்ண முடியாம உட்கார்ந்திருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அது இல்ல மேடம். எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. பாரம் தொங்குறப்போ ஆபரேட்டர் சீட்டை விட்டு எந்திரிக்கவே கூடாது. என்ன ஆனாலும் கூடாது." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கு எந்திரிச்சா நான் ஏணிப் பக்கம் போக மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உயிரோட கீழ வர எனக்கு இஷ்டமில்ல. அதான் இறக்கல. அது தொங்குற வரைக்கும் நான் உட்கார்ந்துதானே ஆகணும்."

மேடம் அவசரப்படவில்லை. அப்புறம் எப்படி இறக்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

கொக்கியால்தான் என்றார் அவர். பாரம் தொங்கும்போது சைகை காட்டுகிறவனும் இடத்தை விட்டு நகரக் கூடாது. சூப்பர்வைசர் கத்தி ஓய்ந்த பிறகு கொக்கி வாக்கிடாக்கியை வாங்கி, அண்ணே, எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, நீங்க இறக்கினால்தான் நான் போக முடியும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சியிருக்கிறான். ஆகாசத்துக்குப் பாவமாக இருந்தது. இறக்கிவிட்டு, ஏணியடியிலேயே நில்லடா, எங்கேயும் போகாதே, நான் வருகிறேன் என்றார். அவன் காலைப் பின்னிக்கொண்டு, அவர் கடைசிப் படி இறங்குகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். அதை அவன் இன்றைக்கும் கேன்டீனில் நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். எதற்காக நிற்கச் சொன்னார் என்பது அவனுக்குத் தெரியாது.

மூலையில் பேனா ஓடவில்லை. மேடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அதற்கப்புறம் சாக வேண்டும் என்று தோன்றியதா? இந்த மாதம்? இந்த வாரம்? மேலே ஏறப்போவதை நினைக்கும்போது? அவ்வளவு நேராக ஒருத்தர் கேட்கலாம், கேட்டால் ஒன்றும் இடிந்து விழாது என்பதே ஆகாசத்துக்குப் புதிதாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரம் இருந்துச்சு. அப்புறம் இல்ல மேடம். இந்த வாரம் அந்த ரிப்பேர்காரனைத்தான் கொல்லணும்னு இருந்துச்சு."

காலையிலிருந்து எத்தனையோ இல்லை சொன்னவர், முதல் தடவையாக ஓர் இல்லையைச் சொந்தமாகச் சொன்னார்.

இருவரும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தார்கள். மேடத்துக்கு ஐந்து வந்தது, மூலைக்காரருக்கு ஆறு. ஒன்று எங்கே உதைக்கிறது என்று தேடினால், ரிப்பேர்காரரோடு போட்ட சண்டையில். எரிச்சல் என்று ஒன்று போட்டிருந்தார் மூலைக்காரர். அது பாசம் என்றாள் மேடம். பாசத்துக்கு இந்தத் தாளில் இடமில்லையே என்று அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். இருவரும் ஆகாசத்தை வைத்துக்கொண்டே மும்முரமாக வாதாடினார்கள். ஆறே இருக்கட்டும் சார், அவன்மேல் எனக்குக் கோபம்தான் என்று ஆகாசமே தீர்த்துவைத்தார்.

ஆறு என்பது ஏறலாம் என்கிற எண்தான். எண்ணை மட்டும் வைத்து இல்லை, பேசினதை வைத்துத்தான் எழுதுகிறேன் என்று மேடம் சொன்னாள். கொஞ்ச நாளைக்குக் கூண்டில் இன்னோர் ஆள் கூட இருக்க வேண்டும். மாதா மாதம் இங்கே வந்து பேச வேண்டும். மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அன்றைக்கு மேலே நடந்தது வீட்டில் ஒருவருக்கும் கீழே நிற்கிற ஒருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதை அவர்தான் சொல்ல வேண்டும், இப்போதே வேண்டுமானால் தானும் கூட வருவதாகச் சொன்னாள். முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டிய ஆகாசம் மூன்றாவதுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுந்தார்.

வராந்தாவில் கொக்கி ஓடிவந்து பூஜ்யம்தானே என்றான். ஆறு என்றதும் அவன் முகம் செத்துவிட்டது. மேலே போகலாம் என்றதும் உயிர் வந்தது, ஆறு எப்படிப் பாஸாகும் என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தான். ஆகாசம் அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கூட உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் மட்டும் நின்றபடியே சொன்னார். சட்டத்தைச் சொன்னார், ஏன் இறக்கவில்லை என்பதைச் சொன்னார், ஏணியடியில் எதற்கு நிற்கச் சொன்னார் என்பதையும் சொன்னார்.

கேன்டீனில் தான் சொல்லிச் சிரிக்கவைத்த அத்தனை தடவையும் கொக்கிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மனைவி அழவில்லை. நாற்காலிமேல் ஏறிப் பல்பு மாட்டினால்கூடத் தலைசுற்றி விழுகிறவள் அவள், துறைமுகத்துப் பக்கம் போனாலே அந்தக் கிரேனை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எழுந்து வந்து அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை அப்படி ஒரு நாள் வந்தா, யார் கத்தினாலும் இறக்காதீங்க," என்றாள். "அது பாட்டுக்குத் தொங்கட்டும். நான் ஏறி வர்ற வரைக்கும் தொங்கட்டும்."